இமிழூரில் குடியிருப்பவர்கள்

அந்தச் செய்தி வந்தபோது மிருதுளா ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மதுரையில் பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்துகொடுக்கும் கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. பல்லை இயந்திரமே அச்சடித்துத் தள்ளிவிடும். கடிக்கிற பரப்பின் மேடு பள்ளங்களை மட்டும் இன்னமும் மனிதக் கைதான் சரிசெய்ய வேண்டியிருந்தது. பதினொரு வருடமாக அரிசிமணி அளவு மலைகளைச் செதுக்கியவளுக்கு வரைபடத்தில் ஆசை வந்ததில் வியப்பில்லை.

கைப்பேசியில் வந்திருந்தது இதுதான்:

"வணக்கம் அக்கா. உங்க படத்துல தவளைக்குளம்னு ஒண்ணு போட்டிருக்கீங்க. அத மேற்க நாப்பது மீட்டர் தள்ளிப் போட முடியுமா? எங்க வீடு குளத்துக்குள்ள கெடக்கு. இப்படிக்கு சந்தனமாரி, எண் 4, தவளைக்குளம், இமிழூர்."

மிருதுளா சிரித்துவிட்டாள். இமிழூர் என்று ஓர் ஊரே கிடையாது. அவள் உண்டாக்கியது அது.

'காணாமற்போன ஊர்கள்' என்று இணையத்தில் வருடத்துக்கொருமுறை ஒரு போட்டி நடக்கும். அழிந்துபோன ஒரு நாகரிகத்தைக் கற்பனை செய்து, அதன் வரைபடத்தை வரைந்து அனுப்ப வேண்டும். நடத்துபவர் ஹிதாயத்துல்லா. காயல்பட்டினத்துக்காரர், கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். உறுப்பினர்கள் நானூறு சொச்சம் பேர். பினாங்கில் ஓர் ஆசிரியை, யாழ்ப்பாணத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு பெண், டொராண்டோவில் பேருந்து ஓட்டும் ஒருவர் என்று பல திசைகளிலிருந்தும் ஆட்கள். வென்றவருக்கு ஹிதாயத் வீட்டுத் தொதல் இனிப்பு ஒரு கிலோ பார்சலில் வரும். அவ்வளவுதான் பரிசு.

வரைவதற்கு விதிகள் இரண்டே. கடற்கரையும் ஆறும் மேடும் உண்மையானவையாக இருக்க வேண்டும். இப்போது மனிதர்கள் வாழும் இடத்தின் மீது வரையக் கூடாது. யாருடைய ஊரையும் அழித்துவிட்டு அதன்மேல் விளையாட வேண்டாம் என்பது ஹிதாயத்தின் எண்ணம்.

அதனால்தான் மிருதுளா தூத்துக்குடிக்கு வடக்கே, கடலோரத்தில் ஒரு வெள்ளைப் பரப்பைத் தேர்ந்தெடுத்தாள். 'உப்பு நிலம், ஆளில்லை' என்றது பொதுப்படம். ஆம்புலன்ஸ், தபால், மருந்து கொண்டுவரும் ட்ரோன், தானாக ஓடும் ஆட்டோ எல்லாமே அந்த ஒரே படத்தைப் பார்த்துத்தான் போகும். அதில் ஆளில்லை என்றால் ஆளில்லை.

அந்த வெள்ளையில் அவள் இமிழூரைக் கட்டினாள். உப்பு வெளிச்சம் பட்டுப் பட்டுப் பார்வை மங்கிய மக்கள் அவர்கள். கண்ணை நம்ப முடியாததால் தெருக்களுக்கு ஓசைகளால் பெயர் வைத்தார்கள். உலக்கை இடிக்கிற இடம் உரல் தெரு. நாட்டியக்காரர்கள் இருந்தது கொலுசுச் சந்து. வைத்தியர்கள் இருந்தது இருமல் தெரு. ஊர் நடுவில் தவளைக்குளம். கிழக்கே, விண்படத்தில் வட்டமாகப் பச்சை தெரிந்த ஓரிடத்தில், முத்துக் களஞ்சியம்.

உறுப்பினர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. நான்கு மாதமாக அதைப் பற்றியே பேசினார்கள். யாரோ இமிழூர் மீன்குழம்புக்குச் செய்முறை எழுதினார்கள். யாரோ அதன் கடைசி அரசிக்கு இரங்கல் பா எழுதினார்கள். ஆகவே சந்தனமாரியும் அப்படி விளையாடும் ஒருத்தி என்றே மிருதுளா நினைத்தாள். பதில் அனுப்பினாள்: "குளத்தை நகர்த்த அரசவை ஒப்புதல் தேவை. மனுவை மூன்று ஓலைகளில் எழுதிச் சங்கு ஊதிச் சமர்ப்பிக்கவும்."

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி வந்தது.

"அக்கா வெளாடாதீங்க. எங்க வீட்டுக்காரருக்கு ட்ரோன்லதான் இன்சுலின் வருது. தண்ணிக்கு மேல பெட்டிய எறக்காதாம். நேத்தும் ரெண்டு சுத்து சுத்திட்டுத் திரும்பிட்டு. நாலு ஊசிதான் மிச்சம்."

கூடவே ஒரு படம். கண் கூசும் வெள்ளைத் தரை. நீலத் தார்ப்பாய்க் கூரை போட்ட ஒரு வீடு. தலையில் துண்டைப் போட்டு முடிந்த, முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வாசலில் நின்றாள். கதவில் கரியால் எழுதியிருந்தது: எண் 4, தவளைக்குளம்.

மிருதுளா பல்லைக் கீழே வைத்துவிட்டுப் பொதுப்படத்தைத் திறந்தாள்.

இமிழூர் இருந்தது. உரல் தெரு இருந்தது. இருமல் தெரு இருந்தது. தவளைக்குளம் அழகான நீல வட்டமாக இருந்தது.

உடனே ஹிதாயத்தை அழைத்தாள்.

"பாய், இமிழூர் பொதுப்படத்துல வந்திருக்கு."

"நம்ம இமிழூரா?"

"தெருப் பேரோட. எப்படி பாய்?"

அந்தப் பக்கம் ஏதோ கப்பலின் சங்கு நீளமாக ஊதி அடங்கும்வரை அவர் பேசவில்லை.

"பொதுப்படத்த இப்ப மனுசர் யாரும் வரையறதில்லம்மா. நெட்டுல என்ன பேச்சு ஓடுதோ, என்ன படம் வருதோ, எல்லாத்தையும் படிச்சு அதுவே வரைஞ்சுக்குது. ஒரு எடத்தப் பத்தி ஒருத்தர் சொன்னா நம்பாது. நானூறு பேர் நாலு மாசம் பேசினா நம்பிரும். நம்ம ஆளுங்க மீன்கொழம்பு வரைக்கும் எழுதியிருக்காங்களே!"

"அங்க நிஜமாவே வீடு இருக்கு பாய். எனக்கு போட்டோ வந்திருக்கு."

"வீடா? ஆளில்லாத எடம்னுதானே நான் அனுமதிச்சேன்?" அவர் குரல் மாறியது. பிறகு அவளைத் தேற்றுவதுபோல் சொன்னார். "பயப்படாதீங்க. முப்பதாம் தேதி முடிவு சொன்னதும் எல்லாப் படத்துலயும் 'கற்பனை'ன்னு முத்திரை விழும். மூணு நாள்ல பொதுப்படம் அத எடுத்துரும். எல்லாம் சரியாயிரும்."

அப்போது அவளுக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது.

அன்று மாலையே குளத்தை மேற்கே நாற்பது மீட்டர் நகர்த்திப் படத்தைத் திரும்ப ஏற்றினாள். இரண்டு நாள் கழித்துச் சந்தனமாரியிடமிருந்து ஒரே வரி வந்தது: "பெட்டி எறங்கிட்டு அக்கா."

மிருதுளாவால் வேலையில் உட்கார முடியவில்லை. தன் கற்பனைக்குள் யாரோ அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பார்க்காமல் எப்படி இருப்பது? ஞாயிற்றுக்கிழமை காலையில் தூத்துக்குடிக்குப் பேருந்து ஏறினாள். அங்கே நிலையத்துக்கு வெளியே நின்ற ஓட்டுநரில்லா ஆட்டோவில் உட்கார்ந்து, சற்றுக் கூச்சத்துடன் சொன்னாள்.

"உரல் தெரு, இமிழூர்."

"முப்பத்தொரு நிமிடம்" என்றது ஆட்டோ. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கடைசி இரண்டு கிலோமீட்டர் சாலை இல்லை. பாத்திகளுக்கு நடுவே மண்வரப்பு மட்டும். இருபுறமும் உப்புக் குவியல்கள், மழைக்குப் பயந்து நீலத் தார்ப்பாய் போர்த்தியவை. ஆட்டோ நின்ற இடத்தில் இருந்தவையும் அதே நீலக் குவியல்கள்போலத்தான் தெரிந்தன. அவற்றில் ஒன்றிலிருந்து சந்தனமாரி வெளியே வந்த பிறகுதான் அவை வீடுகள் என்று புரிந்தது.

"வாங்க அக்கா. வழி தப்பாம வந்துட்டீங்களா?" என்று கேட்டவள், கேள்வியின் விசித்திரம் உறைத்துத் தானே சிரித்தாள். "நீங்க போட்ட வழிதான!"

மிருதுளா தரையைப் பார்த்தாள். பனந்துண்டுகளை வரிசையாக நட்டுத் தெரு பிரித்திருந்தார்கள். அவள் திரையில் வளைத்த இடத்தில் தெரு வளைந்தது. கொலுசுச் சந்து அவள் படத்தில் இருந்ததைப்போலவே குறுகலாக இருந்தது. ஒரு வீட்டின் நடுவே தெரு போக வேண்டியிருந்ததால், அந்த வீட்டைப் பிரித்துத் தள்ளிக் கட்டியிருந்தார்கள்.

சந்தனமாரி டீ கொடுத்தாள். டீயில் உப்புக் கரித்தது. அவள் கணவன் பேச்சிமுத்து கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மெலிந்த ஆள். கண்கள் சிவந்து நீர் கோத்திருந்தன.

"ஏழு வருசத்துக்கு முன்ன எங்க காலனிய கடலு கொண்டுட்டுப் போயிட்டு" என்றாள் சந்தனமாரி. "உப்பு வார இங்க வந்தோம். அப்படியே தங்கிட்டோம். அறுபத்து மூணு வீடு. எத்தன மனு போட்டோம்னு கணக்கே இல்ல. 'குறிப்பிட்ட இடத்தில் குடியிருப்பு ஏதும் இல்லை'ன்னு ஒரே பதிலு. மேல இருந்து பாத்தா உப்புக் குவியலு மாதிரி தெரியுதாம். அதுக்கும் நீலத் தார்ப்பாய், எங்களுக்கும் நீலத் தார்ப்பாய்."

"வேற கலர் போட்டுப் பாத்திருக்கலாமே?"

"போட்டோமே! நாலு வீட்டுக்குச் செவப்பு போட்டோம். 'புதிய உப்புக் குவியல்'னு காட்டிச்சு."

மிருதுளாவுக்குச் சிரிப்பு வந்தது. சந்தனமாரியும் சிரித்தாள். பேச்சிமுத்து சிரிக்கவில்லை.

"பங்குனியில ஒருநா காலைல அந்தக் கடைசி வீட்டு வாசல்ல நின்னு செல்லப் பாக்கேன், 'நீங்கள் உரல் தெருவில் இருக்கிறீர்கள்'னு போட்டிருக்கு. இங்க ஒரு உரலும் கெடையாது! சரி, பாப்போம்னு அந்த அட்ரசுக்கு கேஸ் சிலிண்டர் சொன்னேன். வந்துட்டு அக்கா. வாசல்ல வந்து நிக்கி. அப்புறம் செல்வமதிக்குப் பிரசவ வலி எடுத்தப்ப ஆம்புலன்ஸ் கூப்பிட்டோம். அதுவும் வந்துட்டு. அன்னைக்கு இங்க அழாத ஆளில்ல. அதுக்கப்புறம்தான் எல்லாருக்கும் தெருவும் நம்பரும் பிரிச்சோம். இருமல் தெருவுக்கு மட்டும் ஒருத்தரும் போக மாட்டேன்னுட்டாவ. சீட்டுக் குலுக்கிப் போட வேண்டியதாப் போச்சு."

பேச்சிமுத்து முதன்முறையாக வாய் திறந்தான். "நீங்க எழுதியிருக்கதப் பூரா இவ எனக்கு வாசிச்சுக் காட்டினா. அந்த ஊரு சனத்துக்குக் கண்ணு மங்கலுன்னு எழுதியிருக்கீங்க. அது எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்க. சும்மா... கற்பனையா எழுதினேன்."

"எங்கள்ல முப்பது பேருக்கு அப்படித்தான்" என்றான். "வருசம் பூரா இந்த வெள்ளையப் பாத்துட்டே நிக்கணும்லா."

மிருதுளா மிச்ச டீயைக் குடித்தாள்.

"இன்னொண்ணு இருக்கு, அதயும் காட்டிரு" என்றான் பேச்சிமுத்து மனைவியிடம்.

"அது எதுக்கு இப்ப?"

"காட்டுன்னா காட்டு."

பெண்கள் இருவரும் ஊருக்குக் கிழக்கே நடந்தார்கள். கோரையும் நாலைந்து ஈச்சஞ்செடியும் இருந்த ஓரிடத்தில் ஒரு பெரிய பள்ளம். ஓரங்கள் சரிந்து, அடியில் கலங்கிய தண்ணீர் கிடந்தது. கரையில் உப்பு பூத்திருந்தது.

"இதுதான் எங்க ஊத்து" என்றாள் சந்தனமாரி. "சுத்திலும் உப்பு. இந்த ஒரு எடத்துல மட்டும் நல்ல தண்ணி. மேலாப்புல தோண்டினா ஊறும். ஆழமாப் போயிரக் கூடாது, கீழ உப்புத்தண்ணி. மூணு வாரம் முன்ன ஆறு பேரு வேன்ல வந்தாவ. கையில மிஷினு. நாங்க எல்லாம் பாத்தியில வேலையா நின்னோம். வந்து பாக்கதுக்குள்ள ரெண்டாள் ஆழம் தோண்டிட்டாவ. கேட்டா, முத்துக் களஞ்சியம் இங்கதான் இருக்குன்னாவ."

விண்படத்தில் வட்டமாகத் தெரிந்த பச்சை. அதன்மேல் தான் களஞ்சியம் என்று எழுதிய நாள் மிருதுளாவுக்கு நினைவு வந்தது. அன்று மிகவும் மகிழ்ச்சியாக இருந்தாள்.

"இப்ப தண்ணிக்கு?"

"மூணு கிலோமீட்டர் போறோம். அத விடுங்க அக்கா. உங்க மேல எங்களுக்குக் கோவமெல்லாம் இல்ல."

அவர்கள் திரும்பி வந்ததும் பேச்சிமுத்து சொன்னான்: "இவ கோவம் இல்லன்னிருப்பா. எனக்கு உண்டு. எனக்கு ஊசியும் உங்களாலதான் வருது. உப்புத்தண்ணியும் உங்களாலதான் வந்துச்சு. ரெண்டையும் சொல்லணும்லா."

"சொல்லணும்" என்றாள் மிருதுளா. மறைக்காமல் அவளும் சொன்னாள். போட்டி முடிந்ததும் படத்தில் முத்திரை விழும், மூன்று நாளில் இமிழூர் பொதுப்படத்திலிருந்து போய்விடும் என்று.

"அப்ப நாங்க திரும்ப உப்புக் குவியலா?" என்றாள் சந்தனமாரி.

மிருதுளா அங்கேயே ஹிதாயத்தை அழைத்து, எல்லாரும் கேட்கும்படி ஒலியைத் திறந்துவிட்டாள். நடந்ததைச் சொன்னாள். "பாய், இந்த ஒரு படத்துக்கு மட்டும் முத்திரை போடாம விட முடியாதா?"

"உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். இது வரைக்கும் யார்ட்டயும் சொன்னதில்ல" என்றார் அவர். "ரெண்டு வருசம் முன்ன நானே ஒரு படம் வரைஞ்சேன். போட்டிக்கு இல்ல, ஆசைக்கு. பழைய துறைமுகம் ஒண்ணு. மணல்திட்டு இருக்குற எடத்துல ஆழமான வாய்க்கால் போட்டிருந்தேன். அழகா இருக்கும்னு. நம்ம ஆளுங்க பேசிப் பேசி அது பொதுப்படத்துக்குப் போயிருச்சு. ஒரு மீன்பிடிப் படகு அத நம்பி உள்ள வந்து மணல்ல ஏறிருச்சு. படகுல இருந்தவர் ஒருத்தருக்குக் கால முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. அவரப் பாக்கப் போனேன். அவர் என்னக் குறை சொல்லவே இல்ல. படத்துல இருந்துச்சு, அதான் போனேன்னாரு. அதுக்கப்புறம் வெச்சதுதான் இந்த முத்திரை. நல்ல பொய், கெட்ட பொய்யின்னு பிரிக்க எனக்குத் தெரியல மிருதுளா. அந்தக் கெணத்துல தோண்டினவனும் உங்க படத்தத்தானே நம்பினான்?"

சந்தனமாரி கைப்பேசியை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணே, நீங்க சொல்லுதது நாயம்தான். எங்களுக்குப் பொய் வேண்டாம். இமிழூருன்னுதான் இருக்கணும்னும் இல்ல. எங்க ஊருக்குப் பேரு இருக்கு."

"என்ன பேரும்மா?"

"கோரைக்கழி."

ஹிதாயத் அந்தப் பெயரை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

மிருதுளாவுக்கு அப்போதுதான் தோன்றியது. "பாய், போட்டிக்குப் படம் அனுப்ப இன்னும் நாள் இருக்கா?"

"அஞ்சு நாள் இருக்கு. ஆனா ஒருத்தருக்கு ஒரு படம்தான்."

"நான் இல்ல, சந்தனமாரி அனுப்புவாங்க. கோரைக்கழி படத்த. உள்ளது உள்ளபடி."

"அது எப்படிம்மா? மறைஞ்ச ஊராயிருக்கணுமே?"

"எந்தப் படத்துலயும் இல்லாத ஊர் பாய். இதுக்கு மேல எப்படி மறையறது?"

அவர் யோசிப்பது இங்கே கேட்டது. "உண்மையான படத்துல என்னால கற்பனைன்னு முத்திரை குத்த முடியாது" என்றார்.

"குத்தாதீங்க" என்றாள் மிருதுளா.

அவர் சிரித்தார். அனுமதி என்று வாயால் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மிருதுளா கூடத்துக்கு விடுப்புச் சொன்னாள். இரண்டு நாள் கோரைக்கழியில் தங்கி அளந்தார்கள். மீன்பிடிக் கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, ஒரு முனையைச் சந்தனமாரியும் மறுமுனையை அவளும் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். படம் வரைவது யார் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. சந்தனமாரிதான் எதை எங்கே போடுவது என்று சொன்னாள். பெண்கள் விடியுமுன் ஒதுங்கும் முட்புதர். மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் பதினேழு வீடுகள். வந்த வருடமே இறந்துபோன மூன்று பேரைப் புதைத்த மேடு. தோண்டிக் கெடுத்த ஊற்று.

"அந்தப் புதரையுமா?" என்று மிருதுளா தயங்கினாள்.

"அது இல்லன்னா எங்க ஊரு இல்ல அக்கா."

ஓரத்தில் ஒரு கடற்பறவை வரையலாமா என்று மிருதுளா கேட்டபோது, சந்தனமாரி யோசித்துவிட்டு, "இங்க அது வராதே" என்றாள். பறவை வரையப்படவில்லை.

படம் போட்டிக்குப் போனது. முதல் நாள் யாரும் சீந்தவில்லை. இரண்டாம் நாள் பினாங்கு ஆசிரியை எழுதினார்: "முயற்சி நன்று. கற்பனை வளம் இன்னும் தேவை." டொராண்டோக்காரர் கடுமையாக எழுதினார்: "அறுபத்து மூண்டு வீட்டுக்கு ஒரு ஊற்று எண்டால் நம்பேலாது. சனம் அப்பிடி இருக்கமாட்டினம். ஒரு நாகரிகத்தைக் கற்பனை செய்யேக்கை ஆக்கள் ஏன் அந்த இடத்துக்கு வந்தவை எண்டு காரணம் இருக்க வேணும்."

சந்தனமாரி உப்பு வாரிவிட்டு வந்து, கை கழுவி, ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினாள். காரணம் கேட்டவருக்குக் கடல் கொண்டுபோன காலனியின் பழைய படத்தை அனுப்பினாள். ஊற்றைப் பற்றிக் கேட்டவருக்கு வரிசையாக நிற்கும் குடங்களை அனுப்பினாள். டொராண்டோக்காரர் ஒரு நாள் முழுக்க எதுவும் எழுதவில்லை. மறுநாள், "நான் பிழையாய் விளங்கியிட்டன், தங்கச்சி. மன்னிக்க வேணும்" என்று மட்டும் எழுதினார். யாழ்ப்பாணத்து மருந்துக்கடைப் பெண், தன் தீவிலும் இப்படிக் கெட்ட கிணறுகள் உண்டு என்றும், பள்ளத்தின் அடியைக் களிமண்ணால் மூடி மேல்நீரை மட்டும் சிறிது சிறிதாக இறைத்தால் ஒன்றிரண்டு மழைக்குப் பிறகு திரும்பலாம் என்றும் விளக்கமாக எழுதினாள். ஐந்து நாளில் அறுநூறு பின்னூட்டங்கள். அத்தனையும் சண்டை, கேள்வி, பதில், படம்.

முப்பதாம் தேதி முடிவு வந்தது. இமிழூர் முதலிடம். கோரைக்கழிக்கு முப்பத்தொன்றாவது இடம். நாற்பத்திரண்டு படங்களில்.

ஹிதாயத் நாற்பத்தொரு படங்களுக்கு முத்திரை போட்டார்.

அவர் சொன்னபடியே மூன்றாம் நாள் இமிழூர் மறைந்தது. முதலில் தெருப் பெயர்கள் போயின, பிறகு தெருக்கள், கடைசியில் குளம். மிருதுளா கூடத்தில் பல்லைத் தேய்த்தபடியே ஐந்து நிமிடத்துக்கொருமுறை பார்த்தாள். வெள்ளை. 'உப்பு நிலம், ஆளில்லை.' அன்று மாலை சந்தனமாரி எழுதினாள்: "ட்ரோன் வரல. ஆறு ஊசி இருக்கு." மறுநாள்: "நாலு." அதற்கும் மறுநாள் மிருதுளா கடையில் இன்சுலின் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, முதல் பேருந்தில் தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட்டாள். அருப்புக்கோட்டை தாண்டும்போது கைப்பேசியைப் பார்த்தாள். வெள்ளையின் நடுவே சிறிய எழுத்தில் ஒரு பெயர் வந்திருந்தது.

கோரைக்கழி. வீடுகள் 63. குடிநீர் ஊற்று 1, பழுது.

பக்கத்து இருக்கைக்காரர், "என்னம்மா, நல்ல சேதியா?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள்.

இரண்டு வாரம் கழித்து, மதிய உணவு நேரத்தில் சந்தனமாரி அழைத்தாள்.

"அக்கா, எங்களுக்குத் தபால் வந்திருக்கு. தபால்காரரே வந்து குடுத்துட்டுப் போறாரு."

"என்ன தபால்?"

"இருங்க, அனுப்புதேன்."

நில நடுவர் மன்றத்திலிருந்து வந்திருந்த அறிவிப்பு அது. அந்த நிலம் தன்னுடையது என்று ஓர் உப்பு நிறுவனம் முறையிட்டிருந்தது. அறுபது நாளில் காலி செய்ய வேண்டும், அல்லது நேரில் வந்து காரணம் சொல்ல வேண்டும். பொதுப்படத்தின் நகல் சான்றாக இணைக்கப்பட்டிருந்தது.

மிருதுளா சாப்பாட்டை மூடி வைத்தாள். "என்னாலதான் சந்தனமாரி" என்றாள். "படத்துல இல்லாத வரைக்கும் உங்கள யாரும் தேடி வரல. நான் வந்து..."

"ஏன்க்கா அழுவுத மாதிரி பேசுதீங்க? முழுசா வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன். காலி பண்ணச் சொல்லியிருக்கு."

"அதுக்கு முந்தின வரிய வாசிங்க."

மிருதுளா வாசித்தாள். 'கோரைக்கழி என்னும் ஊரில் ஏழு ஆண்டுகளாகக் குடியிருந்துவரும் அறுபத்து மூன்று குடும்பத்தினருக்கு...'

"பாத்தீங்களா? இத்தன வருசம் கேஸ் போடப் போனா, 'ஆளே இல்லாத எடத்துக்கு என்னம்மா கேஸு'ன்னு திருப்பி அனுப்பினாவ. இப்ப அவியளே எழுதிக் குடுத்துட்டாவ. ஊருன்னு போட்டிருக்காவ, ஏழு வருசம்னு போட்டிருக்காவ. இல்லாத ஆளப் போயி எப்படிக்கா காலி பண்ணச் சொல்ல முடியும்? இருக்கோம், அதான் சொல்லுதாவ. இனி போயி நாங்க பேசுவோம்லா."

"ஜெயிப்பீங்களா?"

"தெரியல. போனாத்தான் தெரியும். நீங்களும் வாங்க, நீங்க கொண்டுபோன அந்த முடிச்சுக் கயித்தயும் எடுத்துட்டு வாங்க. அளந்தது நாமதான்னு சொல்லணும்லா." பின்னால் ஒரே சத்தமாக இருந்தது. "இவரு அறுபத்து மூணு நகலு எடுக்க டவுனுக்குப் போயிருக்காரு. வீட்டுக்கு ஒண்ணு வேணுமாம், எல்லாரும் கேக்காவ."

"அங்க என்ன சத்தம்?"

"செல்வமதி எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுதா."

மிருதுளா காதைக் கொடுத்துக் கேட்டாள். கைக்குழந்தை ஒன்று எங்கோ அழுதது. ஓர் இளம்பெண்ணின் குரல் எழுத்துக் கூட்டி, திக்கித் திக்கி வாசித்துக்கொண்டு வந்தது. ஊர்ப் பெயர் வந்ததும் பல குரல்கள் ஒன்றாக அவளை நிறுத்தின. "இன்னொருக்க வாசி" என்றார்கள். அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.